ஊசியை நிறுத்தாதே, அம்மிணி!

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் ரோட்டில் திருமுருகன்பூண்டி வந்தால் பஸ் ஜன்னல் வழியே உளிச் சத்தம் கேட்கும். ரோட்டோரச் சிற்பக் கூடங்களில் கல் பிள்ளையாரும் நந்தியும் பாதி பிறந்தும் பிறவாமலும் உட்கார்ந்திருப்பார்கள். காலை எட்டு மணிக்கு அதே ரோட்டில் பனியன் கம்பெனி வேன்கள் வரிசையாக வரும். டிபன் பையோடு பெண்கள் ஏறுவார்கள்.

அந்த வேனில் ஏறுகிற ஒரு பெண்ணை மட்டும் கொஞ்சம் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். கற்பனைப் பெண்தான். வயது இருபத்திநாலு, செக்கிங் வேலை. பதிமூன்று வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்து, அன்றிலிருந்து தினமும் நாலு வேளை இன்சுலின். கல்யாணமாகி எட்டு மாதம். இப்போது நாள் தள்ளிப் போயிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாமியார் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: "ஏங்கண்ணு, தெனமும் வவுத்துலயே ஊசியக் குத்தறயே... உள்ள இருக்கற புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதா? பத்து மாசத்துக்கு நிறுத்திப்போட்டா என்ன?"

அன்பில் கேட்ட கேள்விதான். ஆனால் அதைக் கேட்டு அந்தப் பெண் ஊசியை நிறுத்தினால், சில நாட்களுக்குள் தாயின் உயிருக்கும் சேயின் உயிருக்கும் ஆபத்து வந்துவிடும். அதனால் உங்கள் வீட்டில் இப்படி ஒரு மகளோ மருமகளோ இருந்தால், இதை அவளுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மாமியாரும் கணவரும்தான் முதலில் படிக்க வேண்டும்.

இது 'கர்ப்ப சர்க்கரை' இல்லை

கர்ப்பத்தின்போது மட்டும் தலைகாட்டி, பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் மறைந்துபோகும் சர்க்கரையை நம் ஊரில் பலரும் அறிவார்கள். அதற்குக் காரணம் சென்னை டாக்டர் வி. சேஷய்யா போன்றவர்களின் பல வருஷ உழைப்பு. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007-லேயே தமிழக அரசு உத்தரவு போட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்களே, அதுதான். பலருக்கு உணவுக் கட்டுப்பாட்டிலேயே அது அடங்கிவிடும்.

டைப் 1 வேறு கதை. இதில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வந்ததல்ல. மாத்திரை, கஷாயம், பாகற்காய்ச் சாறு எதுவும் இன்சுலினுக்கு ஈடாகாது. "பக்கத்து வீட்டு அக்கா நடந்தே சர்க்கரையைக் குறைச்சுட்டாங்களாம்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இருப்பது வேறு வியாதி.

இனி மாமியாரின் கேள்விக்கு வருவோம். போட்டுக்கொள்ளும் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. தாயின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரைதான் தாராளமாகத் தாண்டிப் போகிறது. அதாவது, குழந்தையைத் தொடுவது ஊசி அல்ல, ஊசி போடாததால் ஏறுகிற சர்க்கரை.

அந்தக் காலத்தில்...

1922-க்கு முன் டைப் 1 வந்த பெண் குழந்தை கல்யாண வயது வரை பிழைத்திருப்பதே அபூர்வம். அமெரிக்காவில் எலிசபெத் ஹ்யூஸ் என்ற சிறுமிக்கு 1919-ல், 11 வயதில் இந்த நோய் வந்தது. இன்சுலின் இல்லாத நாட்கள் அவை. பட்டினி போடுவதுதான் வைத்தியம். 1922 ஆகஸ்ட்டில் கனடாவின் டொராண்டோ நகரத்துக்கு டாக்டர் பான்டிங்கிடம் அழைத்துப் போனபோது, 15 வயதை எட்டவிருந்த அந்தப் பெண்ணின் எடை ஏறக்குறைய 20 கிலோ. புதிதாகக் கண்டுபிடித்திருந்த இன்சுலினைப் போட ஆரம்பித்தார்கள். எலிசபெத் பிழைத்தார், படித்தார், கல்யாணம் செய்துகொண்டார், மூன்று குழந்தைகள் பெற்றார். 1981-ல், 73 வயதில்தான் காலமானார். இன்றைக்கு இருக்கும் வீட்டு மீட்டரோ பேனாவோ இல்லாத காலத்தில்!

பாஸ்டனில் ஜோஸ்லின் கிளினிக்கில் டாக்டர் பிரிசில்லா ஒயிட் என்ற பெண்மணி 1924-லிருந்து ஐம்பது வருஷம் இப்படிப்பட்ட தாய்மார்களையே கவனித்தார். அவர் ஆரம்பித்த காலத்தில் பாதிக் குழந்தைகள்தான் தங்கின. அவர் ஓய்வு பெற்றபோது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தங்கின. வந்தது தெரியாமல் போய்விடுகிற அதிசயம் அல்ல இது. வாரத்துக்கு வாரம் கணக்குப் பார்த்ததில் கிடைத்த பலன்.

நாள் தள்ளிப் போகும் முன்பே

எங்கள் வருத்தம் இதுதான்: பெரும்பாலான பெண்கள் இரண்டாவது மாதம் முடியும்போதுதான் டாக்டரிடம் போகிறார்கள். குழந்தையின் இருதயமும் முதுகுத் தண்டும் உருவாகும் வேலை அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும். அந்த வாரங்களில் சர்க்கரை தறிகெட்டு ஓடினால் கருச்சிதைவும் பிறவிக் குறையும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே குழந்தை வேண்டும் என்று முடிவு செய்தவுடனேயே டாக்டரைப் பாருங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, முடிந்தால் 6.5-க்குக் கீழே வரட்டும். அதுவரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவதில் தப்பே இல்லை.

கூடவே கண் விழித்திரை, சிறுநீரகம், தைராய்டு பரிசோதனை. ஃபோலிக் ஆசிட் மாத்திரை முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும். பொதுவாக மற்றவர்களைவிடக் கூடுதல் அளவில் தருவார்கள். பிரஷருக்கோ கொழுப்புக்கோ மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். அவற்றில் சில கர்ப்பத்தில் ஆகாது.

அப்புறம் ஒன்று. நோயை மறைத்துக் கல்யாணம் செய்து, குளியலறைக்குள் ஒளிந்து ஊசி போட்டுக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்களின் பயம் புரிகிறது. ஆனால் ராத்திரி மூன்று மணிக்குச் சர்க்கரை இறங்கி அவள் மயங்கினால், பக்கத்தில் படுத்திருப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா? "குழந்தைக்கும் வந்துடுமே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு: தாய்க்கு டைப் 1 இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு நாலுக்குள்தான். தகப்பனுக்கு இருந்தால் நூற்றுக்கு ஆறு! பெண்ணை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

முதலில் இறங்கும்

கர்ப்பம் என்றால் இன்சுலின் ஏறிக்கொண்டே போகும் என்று நினைப்போம். ஆனால் ஒன்பதாவது வாரத்திலிருந்து பதினாறாவது வாரம் வரை பலருக்குத் தேவை குறைகிறது. நேற்று வரை சரியாக இருந்த அளவு இன்று அதிகமாகிவிடும். கூடவே மசக்கை, வாந்தி. போட்ட ஊசிக்கு ஈடான சாப்பாடு வயிற்றில் தங்காது. சர்க்கரை சட்டென்று 70-க்குக் கீழே விழும்.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி, பேச்சுத் தடுமாற்றம்... இவை அறிகுறிகள். அயர்னிங் டேபிள் சூட்டில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது, எதை என்று எண்ணுவது? சந்தேகம் வந்தால் மீட்டரில் பார்த்துவிடுங்கள். சிலருக்குக் கர்ப்பத்தில் அறிகுறியே தெரியாமல் இறங்கும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பிறகு இரண்டு பிஸ்கட். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்கு போன் செய்யுங்கள்.

கம்பெனியில் சூப்பர்வைசரிடமும், பக்கத்து டேபிள் அக்காவிடமும் சொல்லி வையுங்கள். டீ டைம் தள்ளிப் போனாலும், ஒன்றரை ஷிப்ட் இழுத்தாலும், கைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். ஸ்கூட்டரை எடுக்கும் முன் ஒரு முறை சர்க்கரையைப் பார்ப்பது நல்லது.

வாந்தி நாளில்தான் ஆபத்து

"ஒண்ணுமே சாப்பிடலீங்க, அதான் ஊசி போடலை." இந்த வார்த்தைதான் டாக்டர்களைப் பதற வைக்கிறது. சாப்பிடாவிட்டாலும் உடம்புக்கு அடிப்படை இன்சுலின் வேண்டும். அது இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பை உருக்கி, கீட்டோன் என்ற அமிலத்தை ரத்தத்தில் சேர்க்கும். கர்ப்பத்தில் இது வெகு வேகமாக நடக்கும். சாதாரணமாக 300, 400 என்று மீட்டர் காட்டும்போதுதான் வருகிற இந்த நிலை, கர்ப்பிணிக்கு 200-க்குக் கீழேகூட வந்துவிடலாம். மீட்டரை மட்டும் நம்பி ஏமாறக் கூடாது. குழந்தையையே இழக்கும் அபாயம் உண்டு.

மெடிக்கல் ஷாப்பில் சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகள் கிடைக்கும், வீட்டில் ஒரு டப்பா வையுங்கள். வாந்தி நிற்காமல் இருந்தாலோ, பட்டை நிறம் மாறினாலோ, வயிற்று வலியோ மூச்சு வாங்கலோ இருந்தாலோ, "விடியட்டும் பார்க்கலாம்" வேண்டாம். அன்றே, அப்போதே ஆஸ்பத்திரி.

அப்புறம் ஏறும்

பதினாறாவது வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினோடு மல்லுக்கு நிற்கும். தேவை வாரத்துக்கு வாரம் கூடும். கர்ப்பத்துக்கு முன் ஒரு நாளைக்கு 40 யூனிட் போட்டவருக்கு ஒன்பதாம் மாதம் 80-ஓ அதற்கு மேலோ தேவைப்படலாம். "நோய் முத்திப்போச்சு" என்று அழ வேண்டாம். நஞ்சுக்கொடி நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். கடைசி வாரங்களில் தேவை திடீரென்று இறங்கினால்தான் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

குறி வைக்க வேண்டிய அளவு இது: வெறும் வயிற்றில் 70 முதல் 95, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குள், இரண்டு மணி நேரத்தில் 120-க்குள். அடிக்கடி 70-க்குக் கீழே விழுந்தால் டாக்டர் இதைக் கொஞ்சம் தளர்த்துவார். தினமும் ஆறேழு முறை விரலைக் குத்த வேண்டியிருக்கும். கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரும் இப்போது கிடைக்கிறது. அதைப் பயன்படுத்திய டைப் 1 தாய்மார்களுக்கு அளவு மீறிப் பெருத்த குழந்தைகள் குறைவாகப் பிறந்ததை 2017-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. விலைதான் கடிக்கிறது. கோவையில் டாக்டர் கிருஷ்ணன் சுவாமிநாதனின் 'இதயங்கள்' அறக்கட்டளை, வசதியில்லாத டைப் 1 குழந்தைகளுக்கு இன்சுலின் கொடுத்து உதவுகிறது. இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் அங்கேயும், மற்றவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இன்சுலின் கேட்டு வாங்க வெட்கப்படவே வேண்டாம்.

சிரிஞ்சைப் பற்றிக் கண்டிப்பாக ஒரு வார்த்தை. நம் நாட்டில் 40 யூனிட் பலமுள்ள பாட்டிலும் 100 யூனிட் பலமுள்ள மருந்தும் இரண்டும் விற்கின்றன. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 பலமுள்ள மருந்தைச் சிவப்பு மூடியில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்! ஒவ்வொரு முறை வாங்கும்போதும் லேபிளைப் படியுங்கள். மருந்தை ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் டிக்கியில் கூடவே கூடாது.

சாப்பாட்டில் பட்டினி வேண்டாம், இரட்டிப்பும் வேண்டாம். "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு" என்று அரிசிம்பருப்புச் சாதத்தை மலையாகக் குவிக்காதீர்கள். சாதத்தைக் குறைத்து, கொள்ளோ பச்சைப்பயறோ கடைசலாக, ஒரு முட்டை, நிறையக் கீரை. ராகிக் களி நல்லதுதான், ஆனால் அதிலும் மாவுச்சத்து உண்டு, உருண்டையை அளந்து போடுங்கள். பேக்கரி டீ சர்க்கரை இல்லாமல். வளைகாப்பும் கட்டுச்சோறும் வரும் மாதங்கள் இன்சுலின் தேவை ஏறிக்கொண்டிருக்கும் மாதங்கள்தான். ஆசைக்கு ஒரு வாய் ஒப்பிட்டு சாப்பிடட்டும், அதற்கு எத்தனை யூனிட் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன், இருதய ஸ்கேன், கடைசி மாதங்களில் வளர்ச்சி ஸ்கேன், இடையில் மறுபடி கண் பரிசோதனை: எதையும் "போன தடவை நல்லாத்தானே இருந்தது" என்று தவிர்க்காதீர்கள். பிரஷர் ஏறாமல் இருக்கச் சிறிய அளவு ஆஸ்பிரின் பன்னிரண்டாவது வாரத்திலிருந்து தேவையா என்று கேளுங்கள்.

பிரசவ அறையில்

பெரும்பாலும் 37, 38-வது வாரத்தில் பிரசவத்தைத் திட்டமிடுவார்கள். டைப் 1 என்பதற்காகவே சிசேரியன் என்பதில்லை. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியை மட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். வலி எடுத்ததும் மணிக்கு ஒரு முறை சர்க்கரை பார்த்து, இன்சுலினையும் குளுக்கோஸையும் டிரிப்பில் ஏற்றுவார்கள்.

தாயின் சர்க்கரைக்குப் பழகிய குழந்தையின் கணையம் இன்சுலினைத் தாராளமாகச் சுரந்துகொண்டிருக்கும். தொப்புள்கொடி அறுந்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடுவதால், குழந்தைக்குச் சர்க்கரை இறங்கலாம். குதிகாலில் குத்திப் பார்ப்பது அதற்குத்தான். அரை மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். சேனை வைக்கிறோம் என்று பாட்டி சர்க்கரைத் தண்ணீரோடு வந்தால் அன்பாகத் தடுத்துவிடுங்கள். சீம்பாலே போதும். போதாவிட்டால் குழந்தை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

நஞ்சுக்கொடி வெளியே வந்த நிமிஷத்தோடு தாயின் இன்சுலின் தேவை சரேலென்று விழும். கர்ப்பத்துக்கு முன் இருந்த அளவுக்கோ, இன்னும் கீழேயோ. முந்தின நாள் போட்ட 80 யூனிட்டை அன்றும் போட்டால் விபரீதம். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக் கணவர் சட்டைப் பையில் வைத்திருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பத்தியம் என்று வெறும் ரசம் சோறு போட்டு அவளை வாட்டாதீர்கள். பால் கொடுக்கும்போதும் சர்க்கரை இறங்கும். ராத்திரியில் குழந்தையை மடியில் வாங்கும் முன் தலைமாட்டில் ஒரு டம்ளர் பாலும் நாலு பிஸ்கட்டும் இருக்கின்றனவா என்று மாமியார் பார்த்துவிட்டுப் படுக்கட்டும்.