விபத்துக்கும் வெற்றிக்கும் இடையில் 13 ஆண்டுகள்

கிளிநொச்சியில், ஷெல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழ் இயங்காமல் போன ஒருவரைச் சந்தித்தபோது, எனது தொலைபேசியில் இருந்த சில படங்களை அவருக்குக் காட்டினேன். அமெரிக்கரான டேவிட் பெய்லி சக்கர நாற்காலியில் பந்தயம் ஓடும் படங்கள். அவர் எப்படி வென்றார் என்று இவர் கேட்கவில்லை. அந்த நாற்காலியில் என்ன மெத்தை போட்டிருக்கிறார்கள், அவருக்குப் படுக்கைப்புண் வருவதில்லையா என்றுதான் கேட்டார். பெய்லியின் கதையை இந்தக் கேள்வியோடு சேர்த்தே வாசிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பெய்லி முதலில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். அவருடைய துறை மோட்டோகுரொஸ். மேடும் பள்ளமும் சேறும் நிறைந்த திறந்தவெளித் தடத்தில், ஏறத்தாழ 40 பேர் ஒரே நேரத்தில் புறப்படும் பந்தயம் அது. அதே பந்தயத்தை நகரத்து விளையாட்டரங்குக்குள் கொண்டுவந்ததுதான் சுப்பர்குரொஸ். 1972 இல் லொஸ் ஏஞ்சலிஸில் நடந்த போட்டியோடு அது பிரபலமாகத் தொடங்கியது. லொறி லொறியாக மண்ணைக் கொட்டி, செங்குத்தான மேடுகளை நெருக்கமாக அமைப்பார்கள். வீரர்கள் ஒரே பாய்ச்சலில் இரண்டு மூன்று மேடுகளைத் தாண்டுவார்கள். சுமார் 100 கிலோ எடையுள்ள வண்டியை, பெரும்பாலும் இருக்கையில் அமராமல் கால்தாங்கியில் எழுந்து நின்றபடியே கட்டுப்படுத்தவேண்டும். பாய்ச்சல் சற்றுக் குறைந்தால் முன்சக்கரம் அடுத்த மேட்டில் மோதும். ஓட்டுநர் தலைக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவார்.

பெய்லி 1961 டிசம்பர் 31 இல் பிறந்தவர். அவரை வளர்த்த தந்தை கேரி பெய்லி, இந்தப் பந்தயத்தைப் பலருக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர். அதனால் மகனின் ஓட்டத்தில் முரட்டுத்தனத்தைவிட நுட்பமே தெரிந்தது. 1983 இல் ஹொண்டா அணிக்காக ஓடி, அமெரிக்க சுப்பர்குரொஸ் பட்டத்தையும் 250 சிசி மோட்டோகுரொஸ் பட்டத்தையும் ஒரே ஆண்டில் வென்றார். 1984 இலும் 1986 இலும் 500 சிசி பட்டம் அவருக்குக் கிடைத்தது. 1986 ஆரம்பத்தில் அனஹைம் அரங்கில், அதே அணியைச் சேர்ந்த றிக் ஜோன்சனுடன் மாறி மாறி முன்னிலை எடுத்து அவர் வென்ற பந்தயத்தை ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். அதே ஆண்டு இத்தாலியின் மஜ்ஜோராவில், நாடுகளுக்கு இடையிலான போட்டியில் வென்ற அமெரிக்க அணியிலும் அவர் இருந்தார்.

அடுத்த சில மாதங்களில் எல்லாம் முடிந்தது. 1987 ஜனவரியில், பருவகாலப் போட்டிகள் தொடங்குவதற்குச் சற்று முன்னர், கலிபோர்னியாவின் ஹியூரனில் ஒரு பாய்ச்சல் தவறி விழுந்தார். முள்ளந்தண்டு வடம் சேதமடைந்தது. நெஞ்சுக்குக் கீழே உணர்வும் இயக்கமும் போயின. அப்போது அவருக்கு வயது 25.

இந்தக் காயம் கால்களை மட்டும் பாதிப்பதில்லை. காயத்துக்குக் கீழுள்ள உடல் சரியாக வியர்ப்பதில்லை; வெயிலில் உடற்சூடு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். சிறுநீர் தானாகக் கழியாது. கவனிக்காவிட்டால் தொற்று சிறுநீரகம் வரை போகும். நீண்டநேரம் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் தோலும் தசையும் அழுகும், ஆனால் வலி தெரியாது. அதனால்தான் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கச் சொல்கிறார்கள். வன்னியில் பல வீடுகளுக்கு இந்தப் பாடம் நன்றாகத் தெரியும்.

பெய்லி பின்னர் தொலைக்காட்சியில் தனது பழைய பந்தயங்களின் வர்ணனையாளரானார். கூடவே தனது கைகளைப் பயிற்றுவித்தார். ஹவாயின் கோனாவில் ஆண்டுதோறும் நடக்கும் அயன்மான் போட்டியில், கடலில் 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டி, பின்னர் 42.2 கிலோமீற்றர் ஓடவேண்டும். எல்லாவற்றுக்கும் 17 மணித்தியாலம். பெய்லிக்கு மூன்றுக்கும் இருந்தவை கைகள் மட்டுமே. செயலற்ற கால்களை இழுத்துக்கொண்டு நீந்துவது, கைகளால் சுற்றும் வண்டியில் எரிமலைப் பாறை வெளியூடாக எதிர்காற்றில் போவது, கடைசியில் பந்தய நாற்காலியைத் தள்ளுவது.

1998 இலும் 1999 இலும் அந்தப் பிரிவில் அவரை முந்தி வென்றவர் கார்லோஸ் மொலேடா. பிரேசிலில் பிறந்து அமெரிக்கக் கடற்படைச் சிறப்புப் படையில் சேர்ந்தவர். 1989 டிசம்பரில் அமெரிக்கா பனாமா மீது படையெடுத்தபோது சுடப்பட்டு முடங்கினார். ஒருவரை விளையாட்டும் மற்றவரை யுத்தமும் நாற்காலியில் இருத்தின. 2000 ஆம் ஆண்டில் பெய்லி அவரை முந்தினார்.

இதை "மன உறுதி" என்ற ஒரு சொல்லில் எழுதி முடிப்பது எளிது. எனக்கு அது போதவில்லை. பெய்லியிடம் மன உறுதியோடு தொழிலும், உடலுக்கு அளவெடுத்த கருவிகளும், செப்பனிட்ட வீதியும் இருந்தன. இங்கே, அரச படையில் காயமடைந்தவருக்கு ஓய்வூதியம் உண்டு. அதே யுத்தத்தில் அதே காயம் பட்ட பொதுமகனோ, முன்னாள் போராளியோ பெரும்பாலும் குடும்பத்தையும் தொண்டு அமைப்புகளையுமே நம்பியிருக்கிறார். மன உறுதி இரு பக்கமும் இருக்கலாம். மெத்தை ஒரு பக்கத்தில்தான் ஒழுங்காகக் கிடைக்கிறது.

நான் புறப்படும்போது, அவர் ஒரு படத்தை மட்டும் தனக்கு அனுப்பச் சொன்னார். வெற்றிக்கோட்டுப் படமல்ல; கைகளால் சுற்றும் அந்த வண்டியின் படம். சங்கிலி எங்கே பூட்டியிருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தார். ஊரில் ஒட்டுவேலை செய்யும் ஒருவரிடம் அதைக் காட்டவேண்டுமாம்.