நிழல் குறுகும் நேரமும் பிள்ளைகளின் எலும்பும்

வைட்டமின்கள் பாடத்தில் நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் அட்டவணை ஒன்று உண்டு. வைட்டமின் டி, கிடைக்கும் வழி சூரிய ஒளி, குறைபாட்டு நோய் ரிக்கெட்ஸ். மாணவர்கள் மனப்பாடம் செய்து ஒரு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால், யாராவது ஒரு மாணவி எழுந்து, "நம்ம ஊர்லதான் வருஷம் முழுக்க வெயிலாச்சே டீச்சர், இங்க எப்படிக் குறையும்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

நியாயமான கேள்விதான். 2016 முதல் 2018 வரை மத்திய அரசு நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 1 முதல் 4 வயதுள்ள குழந்தைகளில் 14 சதவீதத்தினருக்கும், 5 முதல் 9 வயதினரில் 18 சதவீதத்தினருக்கும், 10 முதல் 19 வயதினரில் 24 சதவீதத்தினருக்கும் வைட்டமின் டி குறைபாடு இருந்தது. வயது ஏற ஏறக் குறைபாடும் ஏறுகிறது. இந்த வயதுகளில் பெரும்பகுதி நம் வகுப்பறைகளில் கழிகிறது என்பதால், இது மருத்துவர்களுக்கு மட்டுமான செய்தி அன்று.

திருப்பதியில் நடந்த ஆய்வு

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர், திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர் சி.வி. ஹரிநாராயண். அவரும் உடன் பணியாற்றியவர்களும் நகரத்தாரும் கிராமத்தாருமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தையும் உணவுப் பழக்கத்தையும் ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். இவர்கள் நோயாளிகள் அல்லர்; நலமாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள்.

முடிவுகள் இரண்டு உண்மைகளைக் காட்டின. முதலாவது, காலை முதல் மாலை வரை வயலில் வேலை செய்த கிராமத்தாருக்கு, கூரையின் கீழ் வேலை செய்த நகரத்தாரைவிட வைட்டமின் டி அதிகம் இருந்தது. ஆயினும் கிராமத்தாரிலும் பலருக்கு அது போதிய அளவில் இல்லை. இரண்டாவது, இரு சாராரின் உணவிலும் கால்சியம் குறைவு. தானியங்களில் உள்ள பைட்டேட் என்னும் பொருளோ அதிகம். இந்தப் பைட்டேட், உண்ணும் கொஞ்சக் கால்சியத்தையும் குடலில் பிணைத்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்கிறது.

நாசிக்கில் ஹட்சிசன், ஷா என்ற இரு மருத்துவர்கள் 1922இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியே பேசியது. நல்ல உணவு இருந்தும் வீட்டுக்குள்ளேயே அடைந்து வாழ்ந்த வசதியான குடும்பங்களில் ரிக்கெட்ஸ் காணப்பட்டது. எளிய உணவு உண்டு வெளியில் உழைத்த ஏழைக் குடும்பங்களில் அது அரிதாக இருந்தது. ஆக, வெயில் ஊரில் இருந்தால் மட்டும் போதாது, அது தோலில் பட வேண்டும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நம் தோலில் 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்னும் பொருள் இருக்கிறது. சூரிய ஒளியில் உள்ள 'பி' வகைப் புற ஊதாக் கதிர் அதன்மேல் படும்போது, அது வைட்டமின் டியின் முன்வடிவமாக மாறுகிறது. பிறகு உடல் வெப்பத்தால் வைட்டமின் டி ஆகிறது. அடுத்துக் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இரண்டு மாற்றங்களை அடைந்த பின்னரே அது செயல்படும் வடிவத்தைப் பெறுகிறது.

அதன் முக்கிய வேலை, குடலில் கால்சியத்தை உறிஞ்சச் செய்வது. போதிய வைட்டமின் டி இருந்தால் உணவிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் உடலில் சேரும். இல்லாவிட்டால் 10 முதல் 15 சதவீதம்தான். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் நரம்பும் இயங்க முடியாது. எனவே பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. வருமானம் இல்லாத வீட்டில் சேமிப்பை எடுத்துச் செலவழிப்பது போன்றதுதான் இது. வளரும் பிள்ளைகளுக்கு இதனால் எலும்பு மென்மையாகிக் கால் வளைந்தால் அது ரிக்கெட்ஸ். பெரியவர்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் எலும்பு வலி, தரையிலிருந்து எழச் சிரமம் என்று வந்தால் அது ஆஸ்டியோமலேசியாவாக இருக்கலாம்.

எந்த வெயில்?

"காலை இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும்" என்று நாம் வகுப்பில் சொல்வதுண்டு. இதையும் ஹரிநாராயண் குழுவினர் சோதித்துப் பார்த்தனர். அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைட்டமின் டி ஆய்வாளர் மைக்கேல் ஹோலிக்கும் அதில் இணைந்திருந்தார். தோலில் உள்ள அதே மூலப்பொருளைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, திருப்பதி வெயிலில் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மணிக்கொரு முறை வைத்து, எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார்கள். 2013இல் முடிவு வெளியானது. பகல் 11 மணி முதல் 2 மணி வரைதான் மாற்றம் உச்சத்தில் இருந்தது.

காரணம் எளிது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் கதிர் காற்று மண்டலத்தில் சாய்வாக நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியிலேயே ஓசோன் படலம் 'பி' வகைக் கதிரில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. இளவெயிலில் வெளிச்சமும் இதமும் உண்டு. வைட்டமின் டி உண்டாக்கும் கதிர்தான் மிகக் குறைவு. சாதாரண ஜன்னல் கண்ணாடியும் இந்தக் கதிரைத் தடுத்துவிடும். கறுத்த தோலில் உள்ள மெலனின் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்வதால், வெளுத்த தோலுக்குத் தேவைப்படுவதைவிடக் கூடுதல் நேரம் நமக்குத் தேவை.

திருப்பதிக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே அட்சரேகையில் ஒரு பாகை வித்தியாசம்கூட இல்லை. எனவே அந்த முடிவு எங்கள் செவிலிமேட்டுக்கும் பொருந்தும். இங்கே பட்டு நெசவு வீட்டுக்குள் நடக்கிறது. தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்தவர் பகல் முழுதும் நிழலில்தான் இருக்கிறார். பக்கத்தில் தார் சுற்றும் பெண்களும் அப்படியே. தெருவில் பாவு நீட்டும் வேலை வெளியில் நடந்தாலும், வெயில் ஏறுமுன் விடியற்காலையிலேயே முடிந்துவிடும். அந்த வீட்டுப் பிள்ளைகளோ வெயில் ஏறும் நேரத்தில் பள்ளிக்குள் இருக்கிறார்கள். ஆகவே அவர்கள் மேல் பகல் வெயில் படுமா படாதா என்பதைப் பெரும்பாலும் நம் கால அட்டவணைதான் தீர்மானிக்கிறது.

நிழலை அளக்கும் செயல்பாடு

எந்தக் கருவியும் இல்லாமல் இதை மாணவர்களுக்குப் புரிய வைக்கலாம். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறைவாக இருந்தால், அந்த வெயிலில் வைட்டமின் டி நன்கு உருவாகும். நிழல் நீண்டிருந்தால் குறைவு. நினைவில் வைக்க இந்த எளிய விதி போதும்.

இருவர் இருவராக மாணவர்களைப் பிரித்து, காலை வழிபாட்டுக்கு முன்பும், காலை இடைவேளையிலும், மதிய உணவு வேளையிலும், பள்ளி விடும்போதும் ஒருவர் நிழலை மற்றவர் அளந்து எழுதட்டும். ஐந்தாம் வகுப்புக்கு இது நீள அளவைப் பாடம். பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல்: நிழலும் உயரமும் சமமானால் ஏற்றக் கோணம் 45 பாகை. மாதம் ஒருமுறை அளந்தால் பருவ மாற்றமும் தெரியும். காஞ்சிபுரத்தில் பெரும்பாலான மாதங்களில் காலை ஒன்பதரை மணிக்குள் நிழல் நம் உயரத்தைவிடக் குறைந்துவிடும். மார்கழியில் பத்தரை ஆகலாம். ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் நண்பகல் நிழல் காலடியிலேயே மறையும் நாளும் வரும்.

விளையாட்டுப் பாடவேளை

பல பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளை மாலைக் கடைசியில் வருகிறது. அப்போது நிழல் நீண்டிருக்கும். வாரத்தில் ஒரு விளையாட்டுப் பாடவேளையாவது மதிய உணவுக்கு முன் அமையுமாறு தலைமையாசிரியருடனும் உடற்கல்வி ஆசிரியருடனும் கலந்து பேசலாம். காலை இடைவேளையில் பிள்ளைகளை வகுப்பிலேயே இருத்தாமல் மைதானத்துக்கு அனுப்பலாம். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் விளையாட்டு நேரத்தைப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. குறைபாடு அதிகம் காணப்படுவதும் அந்த வளரிளம் பருவத்தில்தான். மைதானத்துக்கு வரத் தயங்கும் மாணவிகளைக் கூடுதலாகக் கவனித்து அழைக்க வேண்டும்.

இதில் எச்சரிக்கையும் தேவை. கோடை மாதங்களில் நடுப்பகல் வெயில் ஆபத்தானது. அப்போது நிழலும் குடிநீரும்தான் முக்கியம். அதிக நேரம் காய்ந்தால் அதிக வைட்டமின் கிடைக்கும் என்பதும் இல்லை. குறிப்பிட்ட அளவுக்குப் பிறகு தோல் அந்த முன்வடிவத்தை வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. பிள்ளைகளை வெயிலில் அசையாமல் நிற்க வைப்பதை இதற்காக நியாயப்படுத்தவும் முடியாது. அது உடல்ரீதியான தண்டனை. கல்வி உரிமைச் சட்டம் 2009 அதைத் தடை செய்கிறது.

தட்டில் இருக்க வேண்டியவை

வெயில் பாதி என்றால் கால்சியம் மறுபாதி. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லி கிராம் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் மிகமிகக் குறைவு. கேழ்வரகில் பைட்டேட்டும் உண்டு என்றாலும், முளைகட்டுவதாலும் புளிக்க வைப்பதாலும் அது குறைகிறது. நம் கூழும், மாவு புளித்துச் செய்யும் இட்லியும் அந்த வகையில் நல்ல உணவுகள். பால், தயிர், மோர், எள், முருங்கைக்கீரை ஆகியவற்றையும் சொல்லிக் கொடுக்கலாம். சத்துணவில் தரும் முட்டையின் மஞ்சள் கருவில் சிறிதளவு வைட்டமின் டி இருக்கிறது. அதை ஒதுக்கிவைக்கும் பிள்ளைகளிடம் அருகில் அமர்ந்து காரணத்தைச் சொன்னால் பலர் சாப்பிடுவார்கள்.

எப்போது மருத்துவரிடம் அனுப்புவது?

முழங்கால்கள் முட்டுவது அல்லது வெளிப்புறம் வளைவது, மணிக்கட்டு பருத்திருப்பது, தத்தித் தத்தி நடப்பது, மாடிப்படி ஏற முடியாமல் திணறுவது, அடிக்கடி கால்வலி என்பது ஆகியவற்றைக் கண்டால் பெற்றோரிடம் தனியே பேச வேண்டும். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு பரிசோதிக்கும் குறைபாடுகளில் ரிக்கெட்ஸும் ஒன்று. அந்தப் பிள்ளையின் பெயரை முன்கூட்டியே குறித்து வைத்திருக்கலாம். குடிநீரில் ஃப்ளூரைடு மிகுந்தாலும் கால் வளையலாம் என்பதால், காரணத்தை மருத்துவரே முடிவு செய்யட்டும். மாத்திரையோ ஊசியோ நாமாகப் பரிந்துரைக்கக் கூடாது. வெயிலால் வைட்டமின் டி அளவு மீறுவதில்லை. மாத்திரையால் மீறும், அது சிறுநீரகத்தைக்கூடப் பாதிக்கும்.

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது நம்மிடம் விடை இருக்கிறது: ஊரில் வெயில் இருக்கிறது, உன்மேல் படும் நேரம்தான் குறைவு. அந்த நேரத்தைக் கூட்டுவதற்குப் புதிய நிதியோ அரசாணையோ தேவையில்லை. அடுத்த கால அட்டவணை தயாரிக்கும்போது விளையாட்டுப் பாடவேளையை எந்த மணியில் போடுகிறோம் என்று ஒருமுறை பார்த்தால் போதும்.