உளியெறிந்த கதையும் உளிபட்ட கல்லும்

கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்க்கப் போனால் ஊர்க்காரர் யாராவது அந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். மலைமேல் அப்பன் சமணச் சிற்பம் செதுக்க, கீழே மகன் கோயிலைச் செதுக்கினானாம். மகன் தன்னை மிஞ்சிவிட்டான் என்ற பொறாமையில் அப்பன் உளியை எறிந்தே கொன்றானாம். கோயில் அதோடு நின்றதாம்.

கல்லைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், சுற்றிலும் பாறையை அகழ்ந்தெடுத்து, நடுவில் விட்ட ஒற்றைக் கல்லை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி இருக்கும் விமானப் பகுதி நேர்த்தியாக முடிந்திருக்கிறது. அடிப்பகுதி வெறும் பாறை. ஒரு மூக்கு உடைந்தாலும் ஒட்ட முடியாத வேலை இது. அளவு போட, பாறை உடைக்க, நகாசு செய்ய என்று பழகிய கைகள் பல வேண்டும். கதையில் தங்கியதோ ஒரே ஒரு பையன்.

தனியொரு பையன் என்ற இந்தக் கதை அச்சு பத்திரிகைகளுக்கும் பிடித்துப்போனது. 1909இல் 11 வயதில் ஹார்வர்டில் சேர்ந்த வில்லியம் ஜேம்ஸ் சிடிஸை அமெரிக்கச் செய்தியாளர்கள் துரத்தினார்கள். அவர் ஒதுங்கி வாழ்ந்தபோதும் விடாமல், 1937இல் ‘நியூ யார்க்கர்’ அவரைத் தேடிப்பிடித்துக் கேலியாக எழுதியது. தனியுரிமை மீறல் என்று வழக்குப் போட்டும் அவர் தோற்றார். பிஞ்சில் பழுத்தது வெம்பும் என்ற பழைய எண்ணம் இன்னும் ஊன்றிப்போனது.

அந்த எண்ணம் மெய்தானா என்று பார்க்க, 1921 முதலே உளவியலாளர் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவில் நுண்ணறிவுச் சோதனையில் தேறிய சுமார் 1,500 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார். பெரும்பாலோர் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் அதே சோதனையில் தேறாமல் போன ஷாக்லியும் அல்வாரெஸும் பின்னாளில் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். பத்திரிகையின் ஆரூடம் பொய்த்தது. ஒற்றைச் சோதனையின் கணக்கும் தப்பியது.

நம் ஊர்ச் செய்திகளிலும் அதே அச்சுதான். 2022இல் ஜகார்த்தாவில், ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்காக ஆடிய தன் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி செல்வம் கோல் போட்டார். கோவில்பட்டி மாரீஸ்வரனும் அதே அணியில் இருந்தார். செய்திகளில் முந்திக்கொண்டு வந்தது குடும்ப வறுமை. அரியலூர்ப் பையன் கார்த்தி தேறியது கோவில்பட்டி விளையாட்டு விடுதியில். அங்கே செயற்கைப் புல் மைதானம் உண்டு, பயிற்சியாளர்கள் உண்டு. தலைமுறைகளாக மட்டை பிடித்த ஊர் அது.

மைதானமும் பயிற்சியும் பற்றிய இந்தப் பகுதி அச்சேறாவிட்டால், வாசிக்கும் பெற்றோர் “நம்ம பிள்ளைக்கு அந்த வரம் இல்லை” என்று இருந்துவிடுவார்கள். சாதித்த பிள்ளையிடம் மைக்கை நீட்டுகிறவர், எந்த மைதானம், யார் சொல்லிக்கொடுத்தார்கள், கூட ஆடியவர்கள் எங்கே என்று மூன்று கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும். அந்தப் பதில்களை வைத்து இன்னொரு ஊர் மைதானம் கேட்டு மனுக் கொடுக்கலாம்.