மூன்று கேட்க வேண்டும்; ஒன்று சொல்ல வேண்டும்!

என்.சி.சி.யில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் கவனத்துக்கு

இரவு ஷிப்டு முடிந்து வந்த தந்தை, தாராவி வீட்டு வாசலில் அப்போதுதான் செருப்பைக் கழற்றுகிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒரு காகிதத்தை நீட்டுகிறாள்.

"அப்பா, என்.சி.சி.யில் சேரப் போகிறேன். பத்து நாள் கேம்ப் எல்லாம் உண்டு. இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்!"

காகிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தந்தைக்கு இந்தி பேச வரும். ஆங்கிலம் படிக்க வராது. 'டீச்சர் கொடுத்ததுதானே' என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

மும்பையில் உழைக்கும் பல தமிழ்க் குடும்பங்களில் நடப்பது இதுதான். ஆனால் அந்தக் கையெழுத்துக்கு முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்களா?

மாட்டார்கள். தேசிய மாணவர் படை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அதில் சேர்ந்த மாணவர் ராணுவத்தில் பணி செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அணிவகுப்பு, துப்பாக்கி சுடுதல், வரைபடம் படித்தல், முதலுதவி ஆகியவை கற்றுத் தருகிறார்கள்.

பலனும் உண்டு. பள்ளியில் 'ஏ' சான்றிதழ். கல்லூரியில் 'பி', 'சி' சான்றிதழ்கள். 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரிகள், எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரி தேர்வுக்கான நேர்முகத்துக்குப் போக ஒரு தனி வழி இருக்கிறது. ஆனால் சான்றிதழ் கிடைத்தாலே வேலை நிச்சயம் என்று எண்ணிவிடக் கூடாது. அணிவகுப்புகளில் நூற்றுக்கு 75 வருகை இல்லாவிட்டால் சான்றிதழ்த் தேர்வே எழுத முடியாது.

கிருஷ்ணகிரி தந்த பாடம்

வெளுத்ததெல்லாம் பாலல்ல. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஒரு தனியார் பள்ளியில் 'என்.சி.சி. முகாம்' என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. மாணவிகள் பள்ளி அரங்கத்திலேயே இரவில் தங்கினார்கள். அங்கே ஒரு மாணவி பாலியல் கொடுமைக்கு ஆளானதாகப் புகார் எழுந்தது. விசாரித்தபோது, முகாமே போலி என்று தெரிந்தது. அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே இல்லை! முகாம் நடத்தியவர்களுடன் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்பது பள்ளி மீது வந்த குற்றச்சாட்டு.

காக்கி உடையையும் தொப்பியையும் யாரும் கடையில் வாங்கி அணிந்துகொள்ளலாம். ஆகவே பெற்றோர் பள்ளிக்குப் போய் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: எந்தப் பட்டாலியன்? பொதுவாக உண்மையான பிரிவுக்கு மேலே ஒரு பட்டாலியனும், அதற்கு ஓர் அலுவலகமும், ராணுவ அதிகாரியும் உண்டு. முகாமுக்கு அங்கிருந்து எழுத்தில் உத்தரவு வந்திருக்கும். அதைக் காட்டச் சொல்லலாம். சந்தேகம் இருந்தால் பட்டாலியன் அலுவலகத்திலேயே போய் விசாரிக்கலாம்.

இரண்டு: இரவில் யார் பொறுப்பு? எங்கே படுக்கை, பெண் பிள்ளைகளுடன் எந்தப் பெண் ஆசிரியை தங்குகிறார், வீட்டுக்குப் போன் செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும்.

மூன்று: பணம் எதற்கு? வழக்கமான பிரிவுகளில் சீருடைச் செலவு அரசாங்கத்துடையது. சில பள்ளிகளில் சுயநிதி முறையில் பிரிவு நடக்கிறது. எங்கே பணம் கேட்டாலும் ரசீது வாங்காமல் கொடுக்கக் கூடாது.

மறைக்காதீர்கள்!

இனி, சொல்ல வேண்டிய ஒன்று. பிள்ளைக்கு இழுப்பு, வலிப்பு, இருதயக் கோளாறு எதுவும் இருந்தால் படிவத்தில் எழுதிவிட வேண்டும். 'சேர்க்க மாட்டார்களோ' என்று சில தாய்மார் மறைத்துவிடுகிறார்கள். வெயிலில் மணிக்கணக்கில் நிற்கும் பிள்ளை மயங்கி விழுந்தால், என்ன நோய் என்று தெரியாமல் டாக்டரும் திகைப்பார்.

முகாம் முடிந்து வந்த பிள்ளையிடம் 'என்ன கற்றாய்?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'யாராவது தொந்தரவு கொடுத்தார்களா?' என்றும் கேட்க வேண்டும். பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னாலும் அதட்டாமல் கேட்க வேண்டும். அப்படி ஏதும் நடந்திருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். போலீசிலும் புகார் கொடுக்கலாம். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதே குற்றம். 'பள்ளியின் பெயர் கெட்டுவிடும்' என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது.

இதையெல்லாம் விசாரிக்கப் போனால் அரை நாள் கூலி போகும். போகட்டும். கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால், தந்தை தயங்காமல் கையெழுத்துப் போடலாம். மகள் தலைநிமிர்ந்து அணிவகுத்துப் போகலாம்.