பிரிட்ஜ் பள்ளி நிதி இசை நிகழ்ச்சி

பிரிட்ஜ் பள்ளி நிதி இசை நிகழ்ச்சி என்பது அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் 1986 முதல் 2016 வரை நடைபெற்ற ஒரு தொண்டு இசை நிகழ்ச்சி ஆகும். 1987 ஆம் ஆண்டில் மட்டும் இது நடைபெறவில்லை. உரத்த இசைக்குப் பெயர் பெற்ற ராக் இசைக்குழுக்கள் மின் கிட்டார்களை ஒதுக்கிவிட்டு, பெரும்பாலும் அக்கூஸ்டிக் கருவிகளுடன் பாடியமை இதன் சிறப்பியல்பாகும்.

பின்னணி

பாடகர் நீல் யங், அவருடைய மனைவி பெகி யங் ஆகியோரின் மகன் பெருமூளை வாதத்துடன் பிறந்தவர். பேச இயலாத மகனுடன் தொடர்பு கொள்ளும் முயற்சியின் சாயல் நீல் யங்கின் 1982 ஆம் ஆண்டு டிரான்ஸ் இசைத்தொகுப்பில் காணப்படுகிறது. அதில் அவரது குரல் வோகோடர் கருவியால் மாற்றப்பட்டு, சொற்கள் எளிதில் புரியாதவாறு ஒலிக்கும். அன்றைய இரசிகர் பலர் இதன் காரணத்தை அறியாமல் குழம்பினர்.

கடுமையான பேச்சுக் குறைபாடும் உடற்குறைபாடும் உள்ள குழந்தைகளுக்குத் தக்க பள்ளி அமையாததால், பெகி யங் வேறு இருவருடன் இணைந்து 1986 இல் ஹில்ஸ்பரோ நகரில் பிரிட்ஜ் பள்ளியை நிறுவினார். படப்பலகைகள், குரல் எழுப்பும் மின்கருவிகள் முதலியவற்றின் துணையுடன் பேச்சுக்கு மாற்றான தொடர்பாடல் முறைகள் இங்குக் கற்பிக்கப்படுகின்றன. பள்ளிக்கு நிதி திரட்டவே இசை நிகழ்ச்சி தொடங்கப்பட்டது.

நிகழ்ச்சியின் அமைப்பு

முதல் நிகழ்ச்சி 1986 அக்டோபர் 13 அன்று மவுண்டன் வியூ நகரின் ஷோர்லைன் திறந்தவெளி அரங்கில் நடைபெற்றது. புரூசு இசுபிரிங்சிடீன், டாம் பெட்டி, டான் ஹென்லி முதலியோர் பங்கேற்றனர். பிற்காலத்தில் இது சனி, ஞாயிறு ஆகிய இரு நாட்களிலும் நடைபெறலாயிற்று. எம்டிவி தொலைக்காட்சியின் அன்பிளக்டு நிகழ்ச்சி 1989 இல்தான் தொடங்கியது என்பதால், இவ்வகையில் பிரிட்ஜ் பள்ளி மேடையே முந்தியதாகும்.

பள்ளி மாணவர்கள் மேடையின் பின்பகுதியில் அமர்ந்து நிகழ்ச்சியைக் கண்டனர். எனவே கலைஞர்களுக்கு முன்னும் பின்னும் பார்வையாளர் இருந்தனர். பாடகர் சிலர் கூட்டத்துக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று மாணவர்களுக்காகப் பாடியதும் உண்டு. பேர்ல் ஜாம் குழு பல ஆண்டுகள் இம்மேடைக்குத் திரும்பி வந்தது.

மெட்டாலிக்கா

இம்மேடைக்குச் சற்றும் பொருந்தாது எனக் கருதத்தக்க குழு மெட்டாலிக்கா ஆகும். 1981 இல் தோன்றிய இக்குழு, விரைவும் பேரொலியும் கொண்ட திராஷ் மெட்டல் இசையின் முன்னோடிகளுள் ஒன்று. 1997 அக்டோபரில் இங்குதான் அது முதன்முறையாக முழு அக்கூஸ்டிக் நிகழ்ச்சியை வழங்கியது. அடுத்த மாதம் வெளிவரவிருந்த ரீலோட் தொகுப்பிலுள்ள லோ மேன்ஸ் லிரிக் என்ற மெதுவான பாடலும் பாடப்பட்டது.

இதில் உள்ள இடர்ப்பாட்டை அறியக் கருவிகளின் இயல்பை நோக்க வேண்டும். மின் கிட்டாரில் கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்குறிகையாக மாற்றுகிறது. மின்பெருக்கி அதனைப் பெருக்கித் திரிப்பதால் ஒரு சுரம் நெடுநேரம் நீடிக்கும், சிறு பிழைகளும் இரைச்சலில் மறையும். அக்கூஸ்டிக் கிட்டாரிலோ மரப்பெட்டியின் அதிர்வே ஒலிக்கு அடிப்படை. பெரிய அரங்கில் ஒலிவாங்கி பயன்பட்டாலும் சுரம் விரைவில் அடங்கிவிடும். ஆகவே மெட்டல் பாடலொன்றை அப்படியே வாசித்தால் அது வெறுமையாகத் தோன்றும். வேகத்தைக் குறைத்தல், சுரக்கோவைகளை மாற்றியமைத்தல் முதலியன தேவைப்படும். பாடகரின் குரல் மறைவின்றி முன்னே வந்து நிற்கும். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் உறுமல் குரலுக்கு இது கடுமையான சோதனையே.

2007 இல் மீண்டும் வந்தபோது குழுவினர் வேறு வழியைக் கையாண்டனர். தம் பாடல்களுடன் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ், நாசரேத், கார்பேஜ் முதலிய பிற குழுக்களின் பாடல்களையும் எடுத்துக்கொண்டனர். இயல்பிலேயே மென்மையான பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ் போன்ற பாடலைத் தேர்ந்தமை பொருத்தமானது எனலாம். 2016 இலும் இக்குழு பங்கேற்றது.

பிற்காலம்

2016 அக்டோபரில் நடந்த 30 ஆவது நிகழ்ச்சியே இறுதியானது. நீல் யங், பெகி யங் இணையர் 2014 இல் மணவிலக்குப் பெற்றிருந்தனர். பெகி யங் 2019 சனவரி 1 அன்று காலமானார். மேடையில் பதிவான பாடல்களின் தொகுப்புகள் 1997 இலும் 2011 இலும் வெளியிடப்பட்டன. மெட்டாலிக்கா 2017 இல் ஆல் வித்தின் மை ஹேண்ட்ஸ் என்னும் தனது அறக்கட்டளையை நிறுவியது. அதற்கு நிதி திரட்ட 2018 நவம்பரில் சான் பிரான்சிசுகோவில் அக்கூஸ்டிக் நிகழ்ச்சி ஒன்றை நடத்தியது.