படகு விலை ஏறுகிறது: திருவனந்தபுரம் கடற்கரையில் சிறு படகுகள் நிலைத்திருப்பது ஏன்?

திருவனந்தபுரம்: பொழுதுபோக்கிற்காக மீன் பிடிக்கும் படகுகளின் விலை கடந்த சில ஆண்டுகளில் பல நாடுகளில் வெகுவாக உயர்ந்துள்ளது. 2020-ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்காவில் படகுகளுக்குத் திடீரெனத் தேவை பெருகியது. எஞ்சின், ரெசின், அலுமினியம் ஆகியவற்றுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. தேவை தணிந்த பிறகும் விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. விடுமுறை நாளில் தூண்டில் போடுவதற்குச் சிறிய படகே போதாதா என்ற கேள்வி அங்கு எழுந்தது அதன் பின்னர்தான்.

அதே கேள்வி கேரளத் தலைநகரின் கடற்கரையில் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருகிறது. அங்கு அது பொழுதுபோக்கு சார்ந்தது அன்று. ஏறத்தாழ 78 கிலோமீட்டர் நீளமுள்ள திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரையில் 42 மீனவக் கிராமங்கள் உள்ளன. அமெரிக்கர் வாங்கும் அதே ஜப்பானிய நிறுவனங்களின் எஞ்சின்களையும் அதே கண்ணாடியிழையையும் இவர்களும் வாங்குகின்றனர். படகு தனக்குச் சொந்தமா, அல்லது பிறர் படகில் கூலிக்குச் செல்வதா என்பதை இங்கு படகின் விலையே முடிவு செய்கிறது.

விலை உயர்வின் அளவை அரசுத் திட்டங்களிலேயே காணலாம். பாக் நீரிணைப் பகுதி மீனவர்களை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றுவதற்காக 2017-இல் தொடங்கப்பட்ட திட்டத்தில் ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாயாகக் கணக்கிடப்பட்டது. 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆழ்கடல் படகு ஒன்றின் மதிப்பு 1 கோடியே 20 லட்சம் ரூபாய். இரண்டும் ஒரே வடிவமைப்பு அல்ல என்றாலும், போக்கு எத்திசையில் உள்ளது என்பது தெளிவு. அதே மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், பாரம்பரிய மீனவருக்கான படகும் வலையும் சேர்ந்த தொகுப்புக்கு நிர்ணயிக்கப்பட்ட மதிப்பு 5 லட்சம் ரூபாய் மட்டுமே. ஒரு பெரிய படகின் விலையில் 24 சிறு படகுகள் கடலில் இறங்கலாம்.

திருவனந்தபுரத்தில் சிறு படகு வேரூன்றியதற்குக் கடலின் அமைப்பே முதற்காரணம். கரையை ஒட்டியே கடல் ஆழம் கொள்கிறது. விழிஞ்ஞத்தில் பன்னாட்டுத் துறைமுகம் அமைந்ததற்கு இந்த இயற்கை ஆழமும் ஒரு காரணம். ஆழம் அருகில் இருப்பதால் மீனும் அருகில் கிடைக்கிறது. கடலடிப் பாறைத்திட்டுகளை இங்குள்ள மீனவர்கள் 'பார்' என்கின்றனர். கலவா, பாரை, கணவாய் போன்றவை அத்திட்டுகளை நாடி வருபவை. கரையில் தெரியும் மலை முகடு, தேவாலயக் கோபுரம் போன்ற அடையாளங்களை ஒரே நேர்க்கோட்டில் நிறுத்திப் பார்த்து, பார் இருக்கும் இடத்தைக் கணிக்கும் முறைக்குக் 'கணிச்சம்' என்று பெயர். இரண்டு பேர் ஒரு சிறு மரத்தில் சென்று, கணிச்சம் பார்த்துத் தூண்டில் இறக்கித் திரும்புவதற்குக் கோடி ரூபாய்ப் படகு தேவையில்லை.

அலையும் ஒரு காரணம். பூவார் முதல் அஞ்சுதெங்கு வரையிலான கிராமங்களில் பெரும்பாலானவற்றுக்குத் துறைமுகம் கிடையாது. கரையில் மோதி உடையும் அலைகளைத் தாண்டித்தான் படகு கடலுக்குள் செல்ல வேண்டும். திரும்பி வந்ததும் ஆட்கள் தோள் கொடுத்து மணலில் ஏற்ற வேண்டும். கட்டுமரம் இதற்கென்றே உருவானது. இலேசான மரத்தண்டுகளைக் கயிற்றால் பிணைத்தால் அது படகு. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து உலர்த்தினால் வெறும் மரம். அதனுள் நீர் புகுந்து மூழ்குவதற்கு இடமே இல்லை. ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' என்று வழங்கும் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுகளுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு.

பெரிய படகை நோக்கிய பயணம் கேரளத்தில் 1953-இல் கொல்லம் மாவட்டம் நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டத்துடன் வேகம் பெற்றது. எஞ்சின் படகுகளும் பின்னர் இறால் பிடிக்கும் இழுவைப் படகுகளும் வந்தன. திருவனந்தபுரம் கடற்கரை அந்த வழியில் முழுமையாகச் செல்லவில்லை. இங்குள்ள மரியநாடு கிராமத்தில் 1970-இல் மீனவர்களே நடத்தும் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பொருளாதார அறிஞர் ஜான் குரியன் தொடக்க ஆண்டுகளில் பணியாற்றிய சங்கம் இது. அதுவரை படகு வாங்கக் கடன் கொடுத்த வணிகர், கடன் தீரும் வரை மீனையும் தாம் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. சங்கம் மீனைக் கரையிலேயே ஏலம் விட்டது. விற்பனைத் தொகையில் ஒரு பங்கைப் பிடித்துக் கடனை அடைத்தது. மீன் கிடைக்காத நாளில் தவணையும் இல்லை. இத்தகைய சங்கங்கள் இணைந்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம் ஆயின. 'சிஃப்ஸ்' என்று அறியப்படும் இந்த அமைப்பின் தலைமையகம் திருவனந்தபுரத்தில் உள்ளது.

பெரிய மரங்கள் அரிதாகி விலையேறியபோது, கட்டுமரத்துக்கும் குடைந்த வள்ளத்துக்கும் மாற்று தேடும் நிலை ஏற்பட்டது. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பியர் கில்லே என்ற வடிவமைப்பாளர், அலையைத் தாண்டக்கூடிய ஒட்டுப்பலகைப் படகுகளை மீனவர்களுடன் சேர்ந்து உருவாக்கினார். அந்த அனுபவத்தை அவர் 1985-இல் நூலாக வெளியிட்டார். 'சிறியதே அழகு' என்ற புகழ்பெற்ற நூலை எழுதிய ஷூமாக்கர் நிறுவிய அமைப்பின் பதிப்பகமே அதனை வெளியிட்டது. கில்லே தம் நூலுக்கு வைத்த தலைப்போ 'சிறியது கடினம்' என்று பொருள்படுவது. அது வேடிக்கைக்காக வைத்த தலைப்பு அன்று. எடை குறைவாகவும், அலையில் கவிழாமலும், பழுது ஏற்பட்டால் கிராமத்திலேயே சரிசெய்யக்கூடியதாகவும், மீனவர் வாங்கும் விலையிலும் ஒரு படகை உருவாக்குவது எளிதன்று. ஒட்டுப்பலகைக்குப் பின் ஃபைபர் வந்தது. நுரைப்பொருளை உள்ளே வைத்து மேலே ஃபைபர் பூசிய கட்டுமரங்களும் இப்போது புழக்கத்தில் உள்ளன.

படகின் உடலைவிடச் செலவை மாற்றியமைத்தது எஞ்சின்தான். 1980-களின் தொடக்கத்தில் அவுட்போர்டு எஞ்சின்கள் இக்கடற்கரையில் பரவின. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் வகை அவை. பத்துக்கும் குறைவான குதிரைத்திறனில் தொடங்கிய எஞ்சின்கள் 25, 40 என வளர்ந்தன. மற்றவருக்கு முன்பாக மீன் கூட்டத்தை அடைய வேண்டும், மற்றவருக்கு முன்பாக ஏலத்துக்கு வர வேண்டும் என்ற போட்டி இதன் பின்னணியில் உள்ளது.

போட்டியின் விலையை இயற்பியல் நிர்ணயிக்கிறது. நீரைப் பிளந்து செல்லும் படகின் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால், ஏறக்குறைய எட்டு மடங்கு திறன் தேவைப்படும். பாதி நேரத்தில் சென்று சேர்ந்தாலும், அதே தூரத்துக்கு நான்கு மடங்கு எரிபொருள் செலவாகும். படகின் நீளம் கூடினால் எளிதாக எட்டக்கூடிய வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் எடையும் கூடும். கடைசி இரண்டு, மூன்று கடல் மைல் வேகத்துக்காகவே பெரும்பகுதி எண்ணெய் எரிகிறது. சிறு எஞ்சினுடன் நிதானமாகச் செல்லும் படகு எண்ணெய்ச் செலவில் தப்பிப்பது இதனால்தான்.

மண்ணெண்ணெய் விலை இந்தக் கணக்கை மேலும் கடுமையாக்கியது. பொது விநியோகத்துக்கான ஒதுக்கீடு ஆண்டுதோறும் குறைந்துவர, 2022 ஜூலையில் கேரளத்தில் மண்ணெண்ணெய் விலை லிட்டருக்கு 100 ரூபாயைக் கடந்தது. மாநில அரசின் மத்ஸ்யஃபெட் வழியாக லிட்டருக்கு 25 ரூபாய் மானியம் வழங்கப்பட்டாலும், அதற்கும் ஆளுக்கு இவ்வளவு என்ற வரம்பு உண்டு. பங்குமுறையில் இயங்கும் படகில் முதலில் கழிக்கப்படுவது எண்ணெய்ச் செலவு. மீதித் தொகையே படகுக்கும் ஆட்களுக்கும் பிரியும். எஞ்சின் பெரிதானால், மீன் குறைவாகக் கிடைத்த நாளில் பிரிப்பதற்கே ஒன்றும் இருக்காது.

பெரும் முதலீட்டின் ஆபத்தை மத்தி மீன் உணர்த்தியது. மத்திய கேரளத்தில் முப்பது, நாற்பது பேர் செல்லும் வள்ளங்களும் அவற்றின் பெரிய சுருக்குவலைகளும் கூட்டமாக வரும் மத்தி, அயிலை ஆகியவற்றை நம்பியவை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 2012-இல் கேரளத்தில் 3.9 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-இல் கிடைத்தது 3,297 டன் மட்டுமே. கடன் தவணை அதே விகிதத்தில் குறையவில்லை. தூண்டிலும் செவுள்வலையும் வைத்திருக்கும் சிறு படகுக்காரர் மத்தி இல்லையென்றால் கணவாய்க்கோ நெத்திலிக்கோ மாறிக்கொள்ளலாம். வருமானம் குறையும், படகு கைவிட்டுப் போகாது.

சட்டமும் சிறு படகுக்குச் சாதகமாக உள்ளது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 நள்ளிரவு வரை 52 நாள்கள் இழுவைப் படகுகளுக்குத் தடை. பாரம்பரியப் படகுகளுக்கு அந்தத் தடை பொருந்தாது. வரத்து குறைந்து விலை உயர்ந்திருக்கும் அந்த வாரங்களில் கடல் கொந்தளிப்பாக இருந்தாலும், இடையிடையே கிடைக்கும் அமைதியான நாள்கள் சிறு படகுகளுக்கு உரியவை. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தின்போது இப்படகுகள் லாரிகளில் ஏற்றப்பட்டு செங்ஙன்னூர், பத்தனம்திட்டா பகுதிகளின் மூழ்கிய தெருக்களுக்குள் சென்றதும் அவற்றின் அளவு சிறியதாக இருந்ததால்தான்.

சிறு படகுக்கு எல்லைகளும் உண்டு. பனிக்கட்டி வைக்கப் போதிய இடமில்லை. ஓரிரவுக்கு மேல் கடலில் தங்க முடியாது. புயல் எழுந்தால் ஒதுங்கத் தளமோ, நெடுந்தொலைவுக்குத் தகவல் அனுப்பும் கருவியோ இருப்பதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தாக்கியபோது பூந்துறை, விழிஞ்ஞம் பகுதிகள் அதற்குக் கொடுத்த விலை பெரிது. எனினும் அப்புயலில் தூத்தூர் வட்டாரத்தின் பெரிய ஆழ்கடல் படகுகளும் தப்பவில்லை. காலத்தில் வந்து சேராத எச்சரிக்கையே இரு தரப்புக்கும் பொதுவான குறையாக இருந்தது. அதன் பிறகே செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் நாவிக் கருவிகள் படகுகளுக்கு வழங்கப்பட்டன.

சிறு படகின் மிகப்பெரிய சிக்கனம் ஒன்று எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. அதற்குத் துறைமுகம் வேண்டியதில்லை, மணற்கரை போதும். அந்த மணற்கரைதான் இப்போது சுருங்கி வருகிறது. வலியதுறை, சங்குமுகம் பகுதிகளில் கடலரிப்பு வீடுகளையும் சாலையையும் விழுங்கியுள்ளது. விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானமே இதற்குக் காரணம் என்று கூறி மீனவர்கள் 2022-இல் நீண்ட போராட்டம் நடத்தினர்; துறைமுகத் தரப்பு அதனை மறுக்கிறது. காரணம் எதுவாயினும், கரையை இழந்த கிராமத்தினர் படகை வேறிடத்தில் நிறுத்திவிட்டு, நாள்தோறும் வண்டியேறிச் சென்று தொழில் செய்ய வேண்டியுள்ளது. அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட முதலப்பொழி முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்ந்து உயிரிழப்புகள் தொடர்கின்றன. 2025 ஏப்ரலில் மணல் சேர்ந்து அந்த முகத்துவாரம் முழுவதுமாக அடைபட்டது. வழி திறக்கப்படும் வரை, உள்ளே இருந்த படகுகள் கடலுக்குச் செல்ல இயலாமல் கட்டிக்கிடந்தன.