சாமக்கொடைப் படத்தில் ஏன் புள்ளி விழுகிறது?

கல்யாண ஆர்டர் பேச வருகிறவர்கள் அட்வான்ஸ் தருவதற்கு முன்னால் கேட்பார்கள்: "அண்ணாச்சி, ஒங்க கேமரா எத்தன மெகாபிக்ஸல்?" 24 என்றதும் முகம் சுருங்கிவிடும். "எம் போனே 200 இருக்குல்லா!"

புளியங்குடியில் ஸ்டுடியோ நடத்தும் நான், பதிலுக்குக் கோயில் கொடைப் படங்களைத்தான் எடுத்துக் காட்டுவேன். நடுராத்திரிச் சாமக்கொடை. தீப்பந்தத்தோடு சாமியாடி வேட்டைக்குக் கிளம்புகிறார். பிளாஷ் அடித்தால் பந்தத்தின் செம்மை போய்விடும். அதனால் ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றி, எஃப் 1.8 லென்ஸை முழுக்கத் திறந்து, 1/125 நொடியில் எடுப்பேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் சந்தனம் பூசிய மார்பு தெளிவாக இருக்கும். பந்த வெளிச்சம் எட்டாத முதுகிலும் பின்னால் நிற்கும் கூட்டத்திலும் சிவப்பும் பச்சையுமாகப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். நாங்கள் 'கிரெயின்ஸ்' என்போம். விவரம் தெரிந்தவர்கள் 'நாய்ஸ்' என்பார்கள்.

இதில் பெரும்பங்கு கேமராவின் கோளாறே இல்லை. ஒளி துகள் துகளாக, ஒழுங்கில்லாமல்தான் வந்து விழுகிறது. குற்றாலத்தில் சாரல் தூவத் தொடங்கும்போது தளக்கற்களைப் பாருங்கள்: ஒரு கல்லில் நாலு துளி, பக்கத்துக் கல்லில் ஒன்றுமிருக்காது. மழை வலுத்தால் எல்லாம் ஒன்றுபோல நனைந்துவிடும். சென்சாரின் பிக்ஸல்களும் அப்படித்தான். சராசரியாக 100 துகள் விழும் பிக்ஸலில் பத்து கூடும், பத்து குறையும். 10 சதவீத ஏற்ற இறக்கம். 10,000 விழுந்தால் கூடக் குறைய 100தான். வெறும் 1 சதவீதம். வெளிச்சம் கூடினால் புள்ளி மறைவது இந்தக் கணக்கினால்தான். ஐஎஸ்ஓவை ஏற்றுவதால் ஒளி கூடாது. பிடித்த கொஞ்ச ஒளியைப் புள்ளியோடு சேர்த்துப் பெருக்கித்தான் காட்டும்.

சூடும் புள்ளியைக் கிளப்பும். ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில், மங்கலான விண்மீன்களைப் படமெடுக்கும் சிசிடி சென்சாரைத் திரவ நைட்ரஜனால் குளிர்விப்பது இதற்காகத்தான்.

சரி, போனின் 200 மெகாபிக்ஸல்? 2023இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவின் முதன்மை சென்சார் சுமார் 72 சதுர மில்லிமீட்டர். ஃபுல் பிரேம் கேமராவின் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், அதாவது 864. பன்னிரண்டு மடங்கு! அந்தச் சின்ன இடத்தில் 20 கோடி பிக்ஸலை அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி சொற்பம். அதனால் இருட்டில் போனே 16 பிக்ஸலை ஒன்றாகச் சேர்த்து, சுமார் 12 மெகாபிக்ஸல் படமாகத்தான் தருகிறது. மிச்சப் புள்ளியைச் சாப்ட்வேர் வழித்தெடுக்கும்போது பட்டுச்சேலையின் ஜரிகை நெளிவும் சேர்ந்தே போய்விடும்.

அதற்காகப் பிக்ஸல் கூடினாலே கெடுதல் என்றும் இல்லை. ஒரே அளவு சென்சாரில் 24, 61 மெகாபிக்ஸல் கேமராக்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் முழு அளவுக்குப் பெரிதாக்கினால் 61இல் புள்ளி அதிகம் தெரியும். இரண்டையும் ஒரே அளவில் பிரிண்ட் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிடித்த மொத்த ஒளி ஒன்றுதானே. 12க்கு 18 அங்குல ஆல்பம் பக்கத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 20 மெகாபிக்ஸலுக்குள் வேலை முடிந்துவிடும்.

கேமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் சென்சார் அளவைக் கேளுங்கள். அடுத்து லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்று கேளுங்கள். மெகாபிக்ஸலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கல்யாண வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: மணவறைக்கு முன்னால் இன்னும் ரெண்டு லைட் போடச் சொல்லிப் போட்டோகிராபர் கேட்டால் மறுக்காதீர்கள். எந்த மெகாபிக்ஸலும் செய்யாததை அந்த ரெண்டு லைட் செய்துவிடும்.